குவாதலூப் தீவின் கரும்பும் கூலியும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம்.

தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் சென்ற வாரம் வெளியான, கரீபியக் கடலில் பிரெஞ்சு ஆட்சியின் கீழ் உள்ள குவாதலூப் தீவில் வாழும் தமிழ் வம்சாவளியினர் பற்றிய கட்டுரையைப் படித்தேன். அங்குள்ள மாரியம்மன் கோயில்களின் படங்களைத் தெளிவாக அச்சிட்டிருந்தீர்கள். மத்தளத்தை அவர்கள் இன்றும் ஏறக்குறைய அதே பெயரால் குறிப்பிடுவதையும், மதுரைவீரனுக்குப் படையல் இடுவதையும் கட்டுரையாளர் ஆர்வத்தோடு எழுதியிருக்கிறார். ஆனால் இரண்டு முழுப் பக்கங்களுக்கு நீண்ட அந்தக் கட்டுரையில் கரும்பு என்ற சொல் ஒரே ஒரு முறைதான் வருகிறது. அதுவும் ‘கரும்புத் தோட்ட வேலைக்காகக் குடியேறியவர்கள்’ என்ற அரை வரியோடு முடிந்துவிடுகிறது. எஞ்சிய இடமெல்லாம் அவர்கள் தமிழை மறந்துவிட்டார்களே என்ற வருத்தத்துக்குப் போய்விட்டது. காரைக்காலில் பிறந்து, பிரெஞ்சுக் குடியுரிமை பெற்ற குடும்பத்தில் வளர்ந்து, அந்தத் தீவின் லெ மூல் என்ற ஊரில் ஒன்பது ஆண்டுகள் கணித ஆசிரியராகப் பணியாற்றியவன் நான். அந்த அரை வரிக்குள் அடங்கிப்போனதை விரித்துச் சொல்வது என் கடமை என்று நினைப்பதால் இதை எழுதுகிறேன்.

முதலில் ‘குடியேறியவர்கள்’ என்ற சொல்லைப் பார்ப்போம். குவாதலூப்பில் அடிமை முறை 1848-ல் ஒழிந்தது. விடுதலை பெற்ற கறுப்பின மக்களில் பலர் பழைய எசமானர்களின் வயலில் பழைய நிபந்தனைகளோடு வேலை செய்ய மறுத்தனர்; கேட்ட கூலியைக் கொடுப்பதற்குப் பதிலாக, குறைந்த கூலிக்கு வேறு ஆட்களைக் கடல் கடந்து கொண்டுவரத் தோட்ட முதலாளிகள் வழி தேடினர். பிரான்சின் கையில் இருந்த புதுச்சேரியும் காரைக்காலும் அவர்கள் கண்ணில் பட்டன. ‘ஒரேலி’ என்ற கப்பல் 1854 டிசம்பர் மாதம், கிறிஸ்துமஸுக்கு முந்திய நாள், முதல் தொகுதி ஆட்களைப் புவாந்தாபீத்ர் துறைமுகத்தில் இறக்கியது. அதே கப்பல் அதற்கு முந்தைய ஆண்டு மார்த்தினிக் தீவுக்கும் ஆட்களைக் கொண்டுபோயிருந்தது. அன்றிலிருந்து 1889 வரை, முப்பத்தைந்து ஆண்டுகளில், குவாதலூப்புக்கு மட்டும் 42,000-க்கும் மேற்பட்டோர் கொண்டுசெல்லப்பட்டனர். பிரெஞ்சுப் பகுதிகளில் மட்டும் அத்தனை பேரைத் திரட்ட முடியாது என்பது முதலாளிகளுக்குத் தெரிந்தே இருந்தது. தஞ்சை மாவட்டத்துக் கிராமங்களிலிருந்து மேஸ்திரிகள் ஆட்களை எல்லை தாண்டி அழைத்து வந்து காரைக்காலில் பெயர் பதிந்தனர். 1861-ல் பிரான்சும் பிரிட்டனும் ஓர் உடன்படிக்கை செய்துகொண்ட பிறகு, பிரிட்டிஷ் இந்தியாவிலேயே ஆள் சேர்ப்பதற்கு வழி திறந்தது. 1876-78-ன் தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தைச் சூறையாடிய காலமும் இந்த முப்பத்தைந்து ஆண்டுகளுக்குள் வருவதை நினைத்துப் பார்த்தால், அவர்கள் எந்த நிலையில் கைநாட்டு வைத்திருப்பார்கள் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

ஒப்பந்தம் ஐந்து ஆண்டுகளுக்கு. ஆணுக்கு மாதம் 12.50 பிராங்க் கூலி, பெண்ணுக்கு 10 பிராங்க். மாதத்துக்கு 26 நாள் வேலை. ஐந்து ஆண்டு என்று காகிதத்தில் இருந்தாலும், உண்மையில் வேலை செய்த நாள்கள் மட்டுமே கணக்கில் சேரும். காய்ச்சலில் படுத்த நாளும், சிறையில் இருந்த நாளும், முதலாளி வருகைப் பதிவில் எழுத மறுத்த நாளும் ஒப்பந்தத்தின் வாலில் போய் ஒட்டிக்கொள்ளும். அதனால் பலருக்கு அந்த ஐந்து ஆண்டு ஏழாகவும் எட்டாகவும் நீண்டது. தோட்டத்தை விட்டு அனுமதியின்றி வெளியே போனால் நாடோடி என்று பிடித்து அடைத்தனர். காலம் முடிந்ததும் இலவசமாக ஊர் திரும்பும் உரிமை ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் கப்பல் வரும் வரை காத்திருக்க வேண்டும், காத்திருக்கும் காலத்தில் சாப்பிட வேண்டும், மீண்டும் கையெழுத்து இட்டால் கையில் ஒரு தொகை கிடைக்கும் என்ற நிலையில் எத்தனை பேரால் மறுக்க முடிந்திருக்கும்? போனவர்களில் நான்கில் ஒரு பங்கினர்கூடத் திரும்பி வரவில்லை. ஆயிரக்கணக்கானோர் அங்கேயே நோயிலும் உழைப்பிலும் மாண்டனர். தன் குடிமக்கள் நடத்தப்பட்ட விதத்தைக் காரணம் காட்டி, பிரிட்டிஷ் அரசே 1888-ல் குவாதலூப்புக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. தன் சொந்தக் காலனிகளிலும் இதே முறையை நடத்திவந்த அரசு அது என்பதையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இவர்களைக் குடியேறியவர்கள் என்று எழுதினால் அது வரலாறு ஆகாது.

லெ மூலில் நான் வாடகைக்கு இருந்த வீட்டுக்கு எதிர்வீட்டில் அறுபதைக் கடந்த ஓர் அம்மையார் இருந்தார். பிரெஞ்சிலிருந்து கிளைத்த, தீவு மக்களின் பேச்சுமொழியான கிரியோலில் வயதில் மூத்த பெண்களை ‘மான்’ என்று அழைப்பது வழக்கம். நானும் அப்படியே அழைத்தேன். அவருடைய பாட்டனார் எங்கள் கடற்கரைப் பக்கத்திலிருந்து கப்பல் ஏறியவர். ஊர்ப்பெயர் குடும்பத்தில் யாருக்கும் நினைவில்லை. அம்மையார் சிறு வயதில் தந்தையாரின் பின்னாலும், திருமணத்துக்குப் பிறகு கணவரின் பின்னாலும் நடந்து கரும்பு கட்டியவர். ஆண் முன்னே வெட்டிக்கொண்டே போவார்; பெண் பின்னே குனிந்தபடி கரும்பைச் சேர்த்துக் கட்டாகக் கட்டிக்கொண்டே வருவார். கூலி கட்டின் எண்ணிக்கையைப் பொறுத்தது என்பதால் இருவரில் ஒருவர் ஓய்ந்தாலும் இருவருக்கும் நட்டம். தோகையின் விளிம்பு அரம்போல் அறுக்கும் என்பது நம் கரும்பு விவசாயிகளுக்குத் தெரியும். அதற்காக அவர் இரண்டு பாவாடைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அணிந்து, பழைய காலுறைகளின் பாதத்தை வெட்டிவிட்டு முழங்கை வரை இழுத்துக்கொண்டு, தலைத்துணியின் மேல் ஓலைத் தொப்பி வைத்து வயலுக்குப் போவாராம். அவ்வளவு செய்தும் அவருடைய கைகளின் பின்புறத்தில் வெளிறிய கோடுகள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடந்தன.

ஒரு நாள் அவர் தோட்டத்திலிருந்து எனக்காக எலுமிச்சைப்புல் அறுத்துத் தந்தார். கட்டுவதற்குக் கயிறு எடுத்துவர நான் உள்ளே போகத் திரும்பியபோது, அவர் இரண்டு நீளமான இலைகளை எடுத்து, நுனியோடு நுனி சேர்த்து, கட்டைவிரலால் ஒரே முறுக்கு முறுக்கி, புல்லைச் சுற்றி இறுக்கி, நுனியை உள்ளே செருகிவிட்டார். நான் கதவைக்கூடத் திறந்திருக்கவில்லை. வைக்கோலைப் பிரி திரித்து நெற்கட்டு கட்டும் எங்கள் பக்கத்துப் பெண்களின் கையும் இப்படித்தான் போகும். அவர் இதை அறுவடைக் காலத்தில் நாளொன்றுக்கு நூற்றுக்கணக்கான தடவை, கரும்பின் நுனித் தோகையான கொழுந்தாடையைக் கொண்டு, முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்திருக்கிறார். அவருக்குத் தமிழ் தெரியவில்லையே என்று கேட்டு எழுதுவதைவிட, அந்த முப்பது ஆண்டுகளுக்கு அவருக்கு என்ன ஓய்வூதியம் கிடைத்தது என்று கேட்டு எழுதியிருந்தால் தங்கள் கட்டுரை பயனுள்ளதாக இருந்திருக்கும். பல பருவங்களில் அவருடைய வேலை கணவரின் பெயரிலேயே பதிவாகியிருந்ததால், தன் உழைப்புக்கான காகிதங்கள் இல்லாமல் அவர் பெற்ற தொகை மிகச் சிறியது.

தமிழ் ஏன் மறைந்தது என்பதற்கும் விடை கரும்பில்தான் இருக்கிறது. ஒரே கப்பலில் தமிழரும் தெலுங்கரும் வந்தனர். பிற்காலத்தில் கல்கத்தாவிலிருந்தும் ஆட்கள் வந்தனர். தோட்டங்களுக்குப் பிரித்து அனுப்பப்பட்ட இவர்கள், ஏற்கெனவே அங்கே உழைத்துக்கொண்டிருந்தவர்களோடு பேசக் கற்ற மொழி கிரியோல். பிள்ளைகள் விவரம் தெரியும் வயதிலேயே வயலுக்குப் போயினர். பள்ளிக்குப் போனவர்களுக்கு அங்கே பிரெஞ்சு மட்டுமே கற்பிக்கப்பட்டது. கடவுளோடு பேசத் தமிழ், கங்காணியோடும் சக தொழிலாளியோடும் பேசக் கிரியோல், அரசோடு பேசப் பிரெஞ்சு என்று மூன்றாகப் பிரிந்த வாழ்க்கையில், கூலி பேசும் மொழி எதுவோ அதுவே வீட்டு மொழியாகவும் ஆனது. 1970-ல் தொடங்கப்பட்ட விவசாயத் தொழிலாளர் சங்கம் தன் கூட்டங்களைப் பிரெஞ்சில் நடத்தாமல் கிரியோலில் நடத்தியது. பல வம்சங்களைச் சேர்ந்த கரும்புத் தொழிலாளர்கள் ஒரே இடத்தில் அமர்ந்து கூலி பற்றிப் பேச அந்த மொழி உதவியது. தமிழ் போனது எனக்கும் வருத்தமே. ஆனால் அவர்கள் வெறுங்கையோடு நிற்கவில்லை.

ஒன்றாக அமர்வது எளிதாக வந்துவிடவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விடுதலை பெற்ற கறுப்பின மக்களின் பார்வையில், தங்கள் கூலியைக் கீழே தள்ளுவதற்காகக் கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள் இந்தியர்கள். ‘கூலி மலபா’ என்ற வசைச்சொல் அந்தத் தீவில் பல தலைமுறைகள் நிலைத்திருந்தது. என் எதிர்வீட்டு அம்மையாரும் பள்ளியில் அதைக் கேட்டு அழுதவர்தான். முதலாளிகளின் கணக்கு அப்படிப் போடப்பட்டிருந்தது. ஏறத்தாழ நூறு ஆண்டுகள் கழித்து, 1975-ல் கரும்புத் தொழிலாளர்கள் பெரும் வேலைநிறுத்தம் செய்தபோது, அதே கணக்கு மறுபடியும் போடப்பட்டது: இம்முறை ஹெய்ட்டியிலிருந்து ஆட்கள் கொண்டுவரப்பட்டனர். அந்த ஆண்டு செலெஸ்த் என்னும் கத்தோலிக்கப் பாதிரியார் தொழிலாளர்களுக்கு ஆதரவாக லாமாந்தேன் ஊர்த் தேவாலயத்தில் உண்ணாவிரதம் இருந்ததைப் பற்றி லெ மூலின் முதியவர்கள் இன்றும் மரியாதையோடு பேசுகிறார்கள்.

குடியுரிமைப் போராட்டத்தைத் தங்கள் கட்டுரை முற்றிலும் விட்டுவிட்டது. கபெஸ்தேர் ஊரில் 1863-ல், இந்தியாவிலிருந்து வந்த பெற்றோருக்குப் பிறந்தவர் ஆன்ரி சிதம்பரம். குவாதலூப்பில் பிறந்த இந்தியர்களின் பிள்ளைகளுக்கு வாக்குரிமை உண்டு என்று கூறி 1904-ல் அவர்களை வாக்காளர் பட்டியலில் சேர்க்க வைத்தார்; காலனி நிர்வாகம் எதிர்த்தது; விவகாரம் நீதிமன்றம் ஏறியது. அவர்களின் தந்தையரில் பலர் பிரிட்டிஷ் பிரஜைகள் என்பதால் பிள்ளைகளும் அந்நியரே என்பது நிர்வாகத்தின் வாதம். கரும்பு வெட்டும் வரை ஒருவரையும் அந்நியர் என்று விலக்காத நிர்வாகம், வாக்குச்சீட்டு என்றதும் பிறப்பை ஆராயத் தொடங்கியது. பத்தொன்பது ஆண்டுகள் அவர் விடாமல் மனு எழுதினார். பிரெஞ்சுப் பிரதமர் புவாங்காரே 1923 ஏப்ரலில் அவர்களது குடியுரிமையை ஏற்றுக்கொண்டார். சிதம்பரம் என்ற பெயரைத் தமிழ்நாட்டுப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்ப்பெயராக மட்டும் அறிந்திருப்பது எனக்கு உறுத்துகிறது.

அவர் காலமான 1952-ஆம் ஆண்டில்தான் லெ மூலில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. தீவு 1946-லேயே பிரான்சின் ஒரு மாவட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது. சட்டப்படி பாரிஸில் உள்ளவருக்கும் லெ மூலில் உள்ளவருக்கும் ஒரே உரிமை. ஆனால் கரும்பு வெட்டியவரின் கூலி அந்தச் சட்டத்தைப் பின்தொடர்ந்து உயரவில்லை. கூலி உயர்வு கேட்டு வேலைநிறுத்தம் பரவிய நிலையில், பிப்ரவரி 14 அன்று அரசு அனுப்பிய ஆயுதப் படையினர் ஊருக்குள் சுட்டனர். நால்வர் இறந்தனர், அவர்களுள் ஒருவர் கர்ப்பிணிப் பெண். எதிர்வீட்டு அம்மையாருக்கு அப்போது பதின்மூன்று வயது. வழக்கத்துக்கு மாறாக முற்பகலிலேயே தந்தையார் வீட்டுக்கு வந்து, வெட்டுக்கத்தியைக் கையிலிருந்து கீழே வைக்காமல், கதவைச் சாத்திவிட்டு அதன்மேல் முதுகைச் சாய்த்து நின்றதை மட்டும் அவர் என்னிடம் சொன்னார். வெளியே என்ன நடந்தது என்பதை அன்று தந்தையார் சொல்லவில்லையாம், அதன்பிறகும் சொல்லவில்லையாம். ஒவ்வொரு ஆண்டும் அந்த நாளில், உலகத்தின் பிற இடங்களில் காதலர் தினம் கொண்டாடப்படும்போது, லெ மூல் மக்கள் சுடப்பட்டவர்களை நினைத்துக் கூடுகின்றனர். நான் அங்கிருந்தவரை ஒருமுறைகூடத் தவறாமல் அந்தக் கூட்டத்தில் நின்றிருக்கிறேன்.

இனி இன்றைய நிலை. ஒரு காலத்தில் தீவெங்கும் சர்க்கரை ஆலைகளின் புகைபோக்கிகளாக இருந்தது. புவாந்தாபீத்ரில் இருந்த பெரிய ஆலையான தார்பூசியே 1980-ல் மூடப்பட்டது. அந்த இடத்தில்தான் அடிமை வணிகத்தின் நினைவு மையம் 2015-ல் எழுப்பப்பட்டது. வடக்கே போர்-லூயியில் இருந்த போபோர் ஆலை, ஹ்யூகோ புயல் தீவைப் புரட்டிப்போட்ட மறு ஆண்டு, 1990-ல் நின்றது. இப்போது எஞ்சியிருப்பவை இரண்டே: லெ மூலின் கார்தெல் ஆலை, அருகில் உள்ள மரி-கலாந்த் என்ற சிறு தீவின் ஆலை. மூடிய ஆலைகளின் நிலங்கள் 1980-களில் நிலச் சீர்திருத்தத்தின் கீழ் சிறு விவசாயிகளுக்குக் குத்தகையாகப் பிரித்துக் கொடுக்கப்பட்டன. கூலியாக இருந்த குடும்பங்களில் பல, இந்திய வம்சாவளிக் குடும்பங்கள் உட்பட, இப்படித்தான் கரும்பு விவசாயிகளாயின. இது சிறிய மாற்றம் அன்று.

ஆனால் சண்டை நடக்கும் இடம் மாறியிருக்கிறதே தவிர, சண்டை ஓயவில்லை. கார்தெல் ஆலையின் எடைமேடையில் லாரிகள் வரிசையாக நிற்பதை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். எடை போட்டதும், ஒரு குழாய் மேலிருந்து இறங்கிச் சுமைக்குள் துளைத்து, ஒரு கை அளவு கரும்பை மாதிரியாக எடுத்துச் செல்லும். அதிலிருந்து கணக்கிடும் சர்க்கரைக் கட்டுமானத்தை, அதாவது கரும்பில் உள்ள சர்க்கரையின் அளவைப் பொறுத்தே அந்த முழு லாரிக்கும் விலை. குழாய் இறங்கும்போது விவசாயி எஞ்சினை அணைத்துவிட்டுக் கீழே இறங்கி, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு மேலே பார்த்தபடி நிற்பார். பன்னிரண்டு மாத உழைப்பு அந்த ஒரு கைப்பிடியில் இருக்கிறது. அங்கே அறுவடைப் பருவம் பொதுவாகப் பிப்ரவரி, மார்ச்சில் தொடங்கி மழைக்கு முன் முடிய வேண்டும். விலைப் பேச்சு இழுத்துக்கொண்டே போய் அரவை தாமதமானால், மழை இறங்கி அறுவடை இயந்திரங்கள் சேற்றில் புதையும், கட்டுமானமும் சரியும். தாமதத்தின் நட்டம் யார் தலையில் விழும் என்பது ஆலைக்கும் தெரியும், விவசாயிக்கும் தெரியும்.

சக்கை பற்றிய தகராறும் உண்டு. ஆலைக்குப் பக்கத்திலேயே உள்ள மின் நிலையம் கரும்புச் சக்கையை எரித்து மின்சாரம் எடுக்கிறது. சாற்றுக்கு விலை கொடுத்தீர்கள், சக்கையும் எங்கள் கரும்பில்தானே இருந்தது, அதற்கான பங்கைக் கூட்டிக் கொடுங்கள் என்பது விவசாயிகளின் நெடுங்காலக் கோரிக்கை. சக்கைக்கென ஒரு தொகை தனியாகத் தரப்படுகிறது. அது போதாது என்பதே சச்சரவு. கூட்டு மின் உற்பத்தி நடக்கும் ஆலைகளுக்குக் கரும்பு அனுப்பும் நம் விழுப்புரம், கடலூர்ப் பக்கத்து விவசாயிகளுக்கு இந்தப் பேச்சு அந்நியமாகத் தோன்றாது. இவை எல்லாவற்றின் மேலும் ஐரோப்பியச் சந்தையின் நிழல் விழுகிறது: ஐரோப்பிய ஒன்றியம் 2017-ல் சர்க்கரை உற்பத்தி ஒதுக்கீட்டை நீக்கியது முதல், பரந்த வயல்களில் விளையும் பீட்ரூட் சர்க்கரையோடு இந்தச் சிறு தீவின் கரும்புச் சர்க்கரை போட்டியிட வேண்டியிருக்கிறது. அரசு மானியம் இல்லாமல் அது நிற்காது என்பதை இரு தரப்பும் ஒப்புக்கொள்கின்றன. அந்த மானியம் தொழிலாளியின் கை வரைக்கும் எவ்வளவு இறங்குகிறது என்பதில்தான் அவர்கள் ஒத்துப்போவதில்லை.

இன்று கையால் கரும்பு வெட்டும் வேலைக்கு எஞ்சியிருப்பவர்களில் ஹெய்ட்டியர்கள் கணிசமானோர். இயந்திரம் இறங்க முடியாத சரிவுகளிலும் சிறு துண்டு நிலங்களிலும் அவர்களைக் காணலாம். குடியிருப்பு உரிமைக் காகிதம் இல்லாதவர் கூலி குறைவு என்று புகார் கொடுக்க முடியாது. 1860-களில் எங்கள் ஊர்க்காரர்கள் நின்ற இடத்தில் அவர்கள் நிற்பதாகவே எனக்குப் பட்டது. தமிழ் வம்சாவளியினர் பற்றித் தமிழில் எழுதுபவர்கள் இதையும் கண்டு எழுதினால்தான் முன்னோர் பட்ட பாட்டைப் புரிந்துகொண்டவர்கள் ஆவார்கள் என்பது என் கருத்து. எதிர்வீட்டு அம்மையார், ஒவ்வொரு அறுவடைப் பருவத்திலும் தன் கொல்லையில் தங்கிய ஹெய்ட்டியத் தொழிலாளர்கள் இருவருக்கு மதியச் சோறு கொடுத்தனுப்பியவர், இதை என்னைவிட முன்பே அறிந்திருந்தார்.

தங்களிடம் இரண்டு வேண்டுகோள்கள் வைக்கிறேன். கட்டுரையில் உள்ள ‘குடியேறியவர்கள்’ என்ற சொல்லை ‘ஐந்தாண்டு ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்கள்’ என்று திருத்தி ஒரு சிறு குறிப்பு வெளியிடுங்கள். அடுத்த முறை தங்கள் செய்தியாளரோ எழுத்தாளரோ குவாதலூப் சென்றால், கோயில் திருவிழாவுக்கு மட்டும் போகாமல், பிப்ரவரி மாதத்தில் சென்று லெ மூலில் ஒரு வாரம் தங்கி, எடைமேடையில் நிற்பவர்களோடும், வெட்டுபவர்களோடும், கரும்பு கட்டிய முதிய பெண்களோடும் பேசிவரச் சொல்லுங்கள். மொழிபெயர்ப்புக்கு உதவி தேவைப்பட்டால், கிரியோலும் பிரெஞ்சும் அறிந்தவன் என்ற முறையில் என்னால் இயன்றதைச் செய்யக் காத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
காரைக்கால்.